வரி பாக்கி இருந்த வீட்டை விற்ற அனுபவம்

எங்கள் அப்பா வீட்டு வரி ரசீதுகளைக் கம்பியில் குத்தி வைப்பார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் அந்தக் கம்பி தொங்கும். 2024-ல் வீட்டை விற்க முடிவு செய்தபோது அதை எடுத்துப் பார்த்தேன். மேலே இருந்த கடைசி ரசீது 2016 பிப்ரவரி. அந்த மே மாதம்தான் அப்பா போனார்.

உள்ளூரில் இருக்கும் அக்கா கட்டுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். சென்னையிலிருந்து நான் ஆன்லைனில் கட்டுகிறேன் என்று அக்கா நினைத்திருந்தாள். வாடகைக்கு இருந்தவர் குடிநீர் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டி ரசீதையும் காட்டியதால், நாங்கள் இருவருமே அதற்கு மேல் கேட்கவில்லை.

வீடு தஞ்சாவூர் பக்கம் ஒரு நகராட்சியில் இருக்கிறது. 1,080 சதுர அடி. விலை 32 லட்சம் பேசி, 2 லட்சம் அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக வந்தது. ஆனால் வீட்டு வரி பாக்கி அதில் வராது. வாங்குபவரின் வக்கீல் “கடைசி வரி ரசீது எங்கே?” என்று கேட்ட பிறகுதான் வரி விதிப்பு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். 17 அரையாண்டு நிலுவை. முன்பு அரையாண்டுக்கு 1,140 ரூபாயாக இருந்தது, 2022 சீராய்வில் எங்கள் அளவு வீடுகளுக்கு 50 சதவீதம் ஏறி 1,710 ஆகியிருந்தது. அசல் மட்டும் 22,230 ரூபாய். வட்டி தனி.

வாங்குபவர் பள்ளி ஆசிரியர், நல்ல மனிதர். “விலையில் கழிச்சுக்கிட்டுக் கொடுங்க சார், நானே கட்டிக்கிறேன்” என்றார். புரோக்கரும், “அதான் ஈஸி, முடிச்சிடலாம்ணே” என்றார். எனக்கும் ஆசைதான். வக்கீல் விடவில்லை. கிரயத் தேதி வரையிலான வரி விற்பவர் பொறுப்பு என்று 1882-ம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவே சொல்கிறது, பாக்கி இருந்தால் அது வீட்டின் மேல்தான் நிற்கும், பெயர் மாற்றவும் விட மாட்டார்கள் என்றார். அட்வான்ஸ் பணத்திலிருந்தே எடுத்துக் கட்டினேன். அவர் பிடிவாதம் எவ்வளவு நல்லது என்று அடுத்த வாரமே தெரிந்தது.

பாக்கி இல்லை என்று எழுதி வாங்கப் போனபோது, கிளார்க் கதவு எண்ணைப் போட்டுத் தேடிவிட்டு, “இன்னொரு நம்பர் ஓடுதே சார்” என்றார். காலிமனை வரி! 2003-ல் வீடு கட்ட அனுமதி வாங்கும்போது மனைக்குப் போட்ட வரி. வீடு எழும்பி, வீட்டு வரி போட்ட பிறகும் அதை யாரும் எடுக்கவில்லை. அப்பா பெயரில் இனிஷியல் மட்டும் மாறியிருந்ததால் எங்கள் கண்ணிலும் படவில்லை. பாக்கி 11,340 ரூபாய்.

கட்டித் தொலைத்துவிடலாம் என்றாள் அக்கா. கட்டினாலும் அடுத்த அரையாண்டு மறுபடி முளைக்கும், அதை வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்று எனக்குப் பட்டது. ஆணையருக்கு மனு எழுதினேன். பத்திர நகல், கட்டட அனுமதி, மின் இணைப்பு அட்டை, அப்பாவின் கம்பியிலிருந்து எடுத்த பழைய ரசீதுகள், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் இணைத்தேன். இரண்டு முறை “பிரிவு மாறிப் போச்சு” என்று அலைய விட்டார்கள். மூன்றாவது முறை பில் கலெக்டர் நேரில் வந்தார். டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு, சுற்றுச்சுவர் வரை இழுத்துக்கொண்டு போனார். மனை ஐந்து சென்ட், 2,178 சதுர அடி. கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்தவர், “இங்க காலிமனை எங்க சார் இருக்கு? துளசி மாடம்தான் இருக்கு” என்று சிரித்தபடி போனில் நாலு படம் எடுத்துக்கொண்டார்.

மனு கொடுத்த ஏழாவது வாரம் அந்த எண்ணை வரி கேட்கும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதாகக் கடிதம் வந்தது. கிரய ஒப்பந்தத்தில் மூன்று மாதம் கெடு போட்டிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். முதலில் ஒரு மாதம் போதும் என்று சொன்னவனே நான்தான்.

பதிவு அரை நாளில் முடிந்துவிட்டது. வாங்குபவருக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எங்கள் பக்கம் அம்மா, அக்கா, நான் மூவரும் கைரேகை வைத்தோம். ரசீதுக் கம்பியை அப்படியே அவரிடம் கொடுத்தேன். பழைய ரசீது எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

வரிப் பெயர் இப்போது அவருடையது. போன் எண்ணை மட்டும் யாரும் மாற்றவில்லை போலிருக்கிறது. அரையாண்டு பிறந்ததும் குறுஞ்செய்தி எனக்குத்தான் வருகிறது. அவருக்கு அனுப்பி வைக்கிறேன். “கட்டியாச்சு சார்” என்று அன்றே பதில் வந்துவிடும்.