சலவை அறையும் பங்குக் கிணறும்

சுவிஸின் பீல் நகரில் நாங்கள் குடியிருக்கும் மாடிவீட்டின் நிலவறைச் சலவை அறையில், எனது முறை முடிந்த மறுநாள், இயந்திரத்தின் மேல் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சு வடிகட்டியைத் துப்புரவு செய்யாதவர் யாராயினும் வீட்டு விதிகளை வாசிக்க வேண்டும் என்று ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் எழுதியிருந்த அயலவர், தமது பெயரை மட்டும் எழுதவில்லை. வடிகட்டியை நான் கழுவித்தான் வைத்திருந்தேன். ஆனால் முந்தைய நாளுக்கு நேரே சலவை முறைப் பட்டியலில் இருந்தது எனது பெயர்.

வீட்டு விதிகளின் முதல் வரியிலேயே 'சுசாமன்லேபன்' என்ற ஜெர்மன் சொல் இருந்தது, அதாவது சேர்ந்து வாழ்தல். சுவிஸின் வெளிநாட்டவர் மற்றும் ஒருங்கிணைப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு எங்களிடம் எதிர்பார்ப்பதும் அதுவே. அச்சட்டத்தின் இத்தாலிய மொழிப் பாடம் அதை 'கொன்விவென்சா' என்கிறது. தாலி கட்டாமல் ஒரே வீட்டில் இருப்பதற்கும் அதுதான் பெயர் என்று உடன் வேலை செய்யும் இத்தாலியர் சொல்லிச் சிரித்தார். பிரெஞ்சுப் பாடமோ 'கோஎக்சிஸ்தான்ஸ்' என்று நிறுத்திக்கொள்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும் போலும். மூன்று பாடங்களும் சட்டத்தின் முன் சமம் என்றாலும், ஜெர்மன் பேசும் எங்கள் மாடிப்படி பிரெஞ்சுப் பாடத்தின்படியே நடக்கிறது. எதிர்ப்பட்டால் 'க்ரூயெசெக்' என்று இனிமையாக வணங்குவார்கள். குறையைத் தாளிடம்தான் சொல்வார்கள். முகத்தைப் பார்த்து ஏசினால் பதில் சொல்லலாம், தாளுக்கு என்ன சொல்வது?

இப்போது பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தைத் தொடுவதில்லை, இரவு பத்து மணிக்குப் பின் மிக்ஸியும் சுழல்வதில்லை. ஆனாலும் சலவை முடியக் காத்து நிற்கையில், மனம் யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணற்றடிக்குப் போய்விடுகிறது. காணி உறுதியில் 'கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்' என்று எழுதியிருந்தும், எங்கள் இறைப்பு முறையன்று பக்கத்து வளவு மாமா தண்ணீரைத் தம் தோட்டத்துக்குத் திருப்பிவிடுவார். அம்மா வேலியடியில் நின்று ஏசுவதும், மாமி அங்கிருந்து பதில் கொடுப்பதும் ஒழுங்கை முழுவதும் கேட்கும். ஒடியற்கூழ் காய்ச்சினால் மட்டும் ஒரு சட்டி வேலிக்கு மேலால் வந்துவிடும். கடைசியில் அது வழக்காகி நீதிமன்றம் வரை போனது. தவணை நாளன்று இரு வீட்டாருக்கும் ஒரே பஸ்தான். முதல் தரிப்பிலேயே ஏறி, அம்மாவுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தவர் மாமி.