கிரவுன் கட்டிய ஸ்டூடியோக்காரர்

கொண்டித்தோப்பில் எங்களுக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ. தாத்தா தொடங்கியது, பிறகு நைனா, இப்போது நான். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு நைனா என்னைத் தங்கசாலைத் தெரு கிரவுன் தியேட்டருக்கு மேட்னி பார்க்கக் கூட்டிப் போவார். டிக்கெட்டுக்கு நிற்கும்போது ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "இதைக் கட்டினவரும் நம்மள மாதிரி ஸ்டூடியோக்காரர்தான்டா."

அவர் ரகுபதி வெங்கையா. 1869-ல் மசூலிப்பட்டினத்தில் பிறந்தவர். மெட்ராஸ் வந்து மவுண்ட் ரோடில் ஸ்டூடியோ வைத்து நன்றாகவே பிழைத்துக்கொண்டிருந்தார். அந்த ஸ்டூடியோவை 1909 வாக்கில் அடகு வைத்து, குரோனோமெகாபோன் என்ற பிரெஞ்சு இயந்திரத்தை வாங்கினார். திரையில் படம் ஓடும்போதே இசைத்தட்டும் சுழலும்; தட்டின் சத்தத்தை அழுத்திய காற்றால் பெருக்கிக் கொட்டகை முழுக்கக் கேட்கவைப்பார்கள். தமிழ் பேசும்படம் வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது.

2003-ல் போட்டோ பிரிண்ட் போடும் மினிலேப் மெஷின் வாங்க வீட்டு நகை எல்லாவற்றையும் வங்கியில் வைத்தேன். பல ராத்திரி தூக்கமே இல்லை. எனக்காவது பிரிண்ட் போட ஆள் வரும் என்று தெரியும். அவர் வாங்கியது ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்துப் பழகாத பொருள். விக்டோரியா பப்ளிக் ஹாலில் காட்டினார், எஸ்பிளனேடில் கூடாரம் போட்டார், அப்புறம் அதையும் சுருட்டிக்கொண்டு இலங்கை, பர்மா வரை போனார். அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

திரும்பி வந்து 1914-ல் மவுண்ட் ரோடு பக்கம் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். அதுவரை மவுண்ட் ரோடில் எலெக்ட்ரிக் தியேட்டர் போன்ற கொட்டகைகளை நடத்தியவர்கள் வெள்ளைக்காரர்கள். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டர் கெயிட்டிதான். அடுத்து தங்கசாலையில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப். குளோப்தான் பின்னால் ராக்ஸி ஆனது.

கெயிட்டிக்குத்தான் பேர் அதிகம். எனக்குக் கிரவுன்தான் பெரிது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் அச்சாபீஸ்காரர்களும் சௌகார்பேட்டை வியாபாரிகளும் நடந்தே வந்துவிடும் இடத்தில் அதைக் கட்டினாரே! அந்தக் காலக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு கதையை உரக்கச் சொல்வாராம். வெள்ளைக்காரி அழுதால் ஏன் அழுகிறாள் என்று நம் ஜனங்களுக்கு அவர் சொன்னால்தான் தெரியும். தாத்தா அந்த ஆளைப் போலவே குரல் உயர்த்திக் காட்டுவார் என்று நைனா சொல்லியிருக்கிறார்.

சரி, தியேட்டரோடு நின்றிருக்கலாம். மகன் பிரகாஷை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படமெடுக்கப் படிக்கவைத்தார். இருவரும் சேர்ந்து 'ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட்' என்ற படக் கம்பெனியைத் தொடங்கி, 1921-ல் 'பீஷ்ம பிரதிக்ஞை' என்ற மௌனப் படத்தை எடுத்தார்கள். படத்தொழிலில் போட்ட பணம் கடனாக ஏறியது, கொட்டகைகள் கைமாறின. 1941-ல் அவர் காலமானார். ஆந்திர அரசு அவர் பேரில் விருது கொடுத்து வந்தது. நல்ல காரியம். ஆனால் அவர் கொட்டகை கட்டியது இந்த ஊரில்.

கிரவுன் இப்போது இல்லை. நூறு வருஷத்துப் படங்களைப் பழுது பார்க்கச் சொல்லிச் சிலர் கடைக்குக் கொண்டுவருவார்கள். தலைப்பாகை கட்டிய பெரியவர், நாற்காலியில் சின்னப் பெண், பின்னால் தீட்டிய திரைச்சீலை. அந்தக் காலத்தில் அட்டையின் பின்புறம் ஸ்டூடியோ பெயரை அச்சடிப்பது வழக்கம். முகங்களைப் பார்க்கும் முன்பே அட்டையைத் திருப்பிப் பார்த்துவிடுவேன். வெங்கையாவின் பெயர் இதுவரை கிடைக்கவில்லை.