கணைய அழற்சி தணிந்த பிறகு தங்கும் கட்டி

கடுமையான கணைய அழற்சியிலிருந்து தேறி, ஊட்டி, கோத்தகிரி பக்கம் வீடு திரும்பியவர்களுக்கு. "கட்டி இருக்கு, இப்ப ஆபரேஷன் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்காதீர்கள். இந்தக் கட்டி, அழற்சியில் அழுகிய சதையும் நீரும் சேர்ந்து தங்கியது; அதைச் சுற்றிச் சுவர் கெட்டிப்பட ஏறக்குறைய 4 வாரம் பிடிக்கும். அதற்கு முன் கத்தி வைத்தால் ரத்தக்கசிவு, குடல் ஓட்டை என்று வினை கூடும்.

வலி, காய்ச்சல், வாந்தி, மஞ்சள்காமாலை எதுவும் இல்லையா? கட்டி பெரிதானாலும் பெரும்பாலும் ஸ்கேனில் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். தொல்லை தந்தால், எண்டோஸ்கோப்பி வழியாக இரைப்பைச் சுவரில் துளையிட்டு, சீழையும் நீரையும் இரைப்பைக்குள்ளேயே வடிய விடுவார்கள். வடியாத சதைத்துண்டுகளை அதே துளை வழியாக, சில தடவையாக எடுக்க வேண்டிவரும். வயிற்றைத் திறப்பது கடைசிப் படி.

அந்தத் துளை மூடாமலிருக்க வைக்கும் உலோக ஸ்டென்ட்டை (சிறு குழாயை) பொதுவாக 3, 4 வாரத்தில் எடுத்தாக வேண்டும். கொழுந்து சீசன், லீவு இல்லை என்று தள்ளிப்போடும் விஷயமே இல்லை இது. கட்டி சுருங்கியதும் ஸ்டென்ட் முனை ரத்தக்குழாயில் உரசி அறுத்துவிடலாம்.

கருப்பு மலம், ரத்த வாந்தி, திடீர் மயக்கம் வந்தால் மேட்டுப்பாளையம் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள், உடனே 108. புடைத்த தமனி வெடித்திருக்கலாம். ஆஞ்சியோ செய்து அதை அடைக்கும் வசதி எங்கே இருக்கிறது என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வையுங்கள்.

மலம் எண்ணெயாக மிதந்தால் என்சைம் (கணையம் சுரக்கும் செரிமானப் பொருள்) கேப்சூல் தேவைப்படலாம். வெறும் வயிற்றில் போட்டுப் பயனில்லை, முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். சர்க்கரையும் பாருங்கள். ஆபரேஷனில் மண்ணீரலையும் எடுக்கத் திட்டமென்றால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகளை 2 வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.