தொடையில் ஒரு நீர்க்கட்டி

பாளையங்கோட்டையில் ஸ்கேன் பார்க்க வந்த புதிதில், ஒருவருடைய சிறுநீரகத்தில் இருந்ததைச் ‘சாதாரண நீர்க்கட்டி’ என்று எளிதில் முடித்து ரிப்போர்ட் கொடுத்தேன். அது நாடாப்புழுவால் வந்த ஹைடாடிட் கட்டி என்று ஆபரேஷனில்தான் தெரிந்தது. உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று மிதந்ததை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் கடந்துவிட்டேன். அந்தச் சவ்வு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஈரலில் என்றால் சந்தேகம் தானாக வந்துவிடும். இந்தக் கட்டி பெரும்பாலும் அங்கேதான் வரும், அடுத்தது நுரையீரல். மண்ணீரல், எலும்பு, மூளை, இதயம் என்று எங்கேயும் போய் உட்காரும் என்று படித்திருக்கிறோம். ஆனால் தொடை வீக்கத்தோடு ஒருவர் வரும்போது அது நினைவுக்கு வர வேண்டுமே.

மானூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அப்படித்தான் வந்தார். ஊசி வைத்து உறிஞ்சிப் பார்க்கலாமா என்று சீட்டில் கேட்டிருந்தது. ஜெல் தடவிப் பார்த்தேன். தசைக்குள் சாத்துக்குடி அளவில் கட்டி. சுவர் இரட்டைக் கோடாகத் தெரிந்தது; ஓரத்தில் இரண்டு மூன்று குட்டிக் கட்டிகள். “ஒருக்களிச்சுப் படுங்கய்யா” என்றேன். அவர் புரண்டதும் கட்டிக்குள் அடியில் படிந்திருந்த மணல் போன்ற துகள் கலங்கி எழுந்து, பொடிப்பொடியாகத் திரும்ப இறங்கியது.

“ஆடு வச்சிருக்கீங்களா?”

“கெடை போடுதோம்யா. காவலுக்கு நாய் உண்டு.”

“ஆடு அறுத்தா ஈரல்ல கட்டி இருந்தா என்ன செய்வீங்க?”

“நாய்க்குத்தான் போடுவோம்.”

அங்கேதான் சுற்று தொடங்குகிறது. கட்டியைத் தின்ற நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளப் புழுக்கள் வளரும். முட்டைகள் மலத்தோடு வெளியேறிப் புல்லுக்கும் தண்ணீருக்கும் நாயின் ரோமத்துக்கும் போகும். ஆடு மேய்ந்து வாங்கிக்கொள்ளும். நாயைத் தடவிய கையோடு சாப்பிடுகிற மனிதரும்தான். நாய்க்கோ பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது.

சர்ஜனுக்கு உடனே போன் செய்தேன்: ஊசி வேண்டாம். உள்ளிருக்கும் நீர் கசிந்தால் ஒவ்வாமையில் உயிருக்கே ஆபத்து வரலாம். கசிந்த இடத்தில் புதிதாகக் கட்டிகளும் முளைக்கும். அப்புறம் வயிற்றையும் முழுக்கப் பார்த்தேன். ஈரல் சுத்தமாக இருந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்து, அல்பெண்டசோல் என்ற புழு மருந்து கொடுத்து, கட்டியை உடையாமல் முழுதாக எடுத்தார்கள்.

தையல் பிரித்த அன்று பெரியவர் என்னைத் தேடி வந்தார். “நாயை விரட்டிரணுமாய்யா?” குரல் கம்மியிருந்தது. வேண்டாம், கால்நடை ஆஸ்பத்திரியில் புழு மாத்திரை தருவார்கள், கட்டியுள்ள ஈரலை மட்டும் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள் என்றேன். மாத்திரையின் பெயரைக் கேட்டார். ஸ்கேன் கவரின் பின்பக்கம் ‘பிராசிகுவாண்டல்’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.