ரெண்டாவது சரணம்

ஆகஸ்ட் 3, சனி
படத்துக்காக அந்தப் பொண்ணு பாடின பாட்டு, இன்னிக்கும் ரெண்டாவது சரணம்தான். கணக்கே இல்லாம கேட்டாச்சு.

ஆகஸ்ட் 5, திங்கள்
அவள டாக்டர் பாத்துட்டாரு. குரல் நாண்ல ரெண்டு பக்கமும் சின்னதா தடிப்பு, நோட்யூலாம். ஆபரேஷன் இப்போதைக்கு வேணாம், ஆனா பேசவே கூடாது, குசுகுசுன்னு பேசினாலும் தொண்டைய இழுக்குமாம். "எப்ப சார் பாடுவா?"ன்னு அவங்கம்மா கேட்டாங்க, அவரு சீட்டு எழுதிட்டே இருந்தாரு. ஆடி பொறந்ததுல இருந்து கோயில் கோயிலா கச்சேரி, மேடையில மானிட்டர் கெடையாது, தன் குரலே தனக்குக் கேக்காம கத்திப் பாடியிருக்கா. அதுக்கு மேல நாங்க வேற ஏழு டேக் வாங்கினோம். ஏழு.

ஆகஸ்ட் 6
தூக்கம் இல்ல.

ஆகஸ்ட் 8, வியாழன்
ரெக்கார்டிங்ல ஏறின ஜெனரேட்டர் இரைச்சல் போகவே மாட்டேங்குது. 50 ஹெர்ட்ஸ்ல நின்னா வெட்டிடலாம், ஆனா கரண்ட் இழுக்குற லோடு ஏற ஏற மெஷின் வேகம் கொறையுது, இரைச்சலோட சுருதியும் எறங்குது, ஃபில்டர் ஒரு எடத்துல இருக்கு அது வேற எடத்துல இருக்கு. 100, 150, 200னு அதோட மடங்கெல்லாம் வேற கூடவே வருது, அவ கீழ எறங்கிப் பாடுறதும் அந்த 200 பக்கம்தான், அங்க கை வெச்சா அவ குரலும் சேந்து போகுது. சரியா குரல் ஒடையுற எடத்துலதான் இரைச்சலோட சுருதியும் சட்டுனு எறங்குது. ஏன்னு புரியல.

ஆகஸ்ட் 9, வெள்ளி
பணம் போட்டவரு போன். சென்னையில ஒரு பொண்ணு இருக்காம், ஒரு மணி நேரத்துல பாடிக் குடுத்துடுமாம். முடியாதுன்னேன். வீராம்பட்டினத்துப் பொண்ணு வாயத் தொறந்தா ஏசி ரூம் குரல் வந்தா எப்படி சார், அந்தக் குரலுக்காகத்தானே ரெண்டு வருஷமா இந்தப் படத்துக்குப் பின்னாடி அலையுறோம். கை நடுங்குது இன்னும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்
அவ வீட்டுக்குப் போனேன். திண்ணையில வலை காயுது. ஹெட்போன் மாட்டிவிட்டேன், கண்ண மூடிக் கேட்டா. அந்த எடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி கை காட்டிட்டு நோட்டுல எழுதினா: "அண்ணா அப்பதான் அம்மனுக்கு சீரியல் லைட்டு போட்டாங்க. நிமிந்து பாத்துட்டேன்."

லைட்டு. அதான் லோடு.

ஆகஸ்ட் 14
நேத்து ராத்திரி பூரா அத மட்டும் கேட்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி
ஆடி அஞ்சாவது வெள்ளி, செங்கழுநீர் அம்மன் தேர். கவர்னர் வடம் புடிச்சு ஆரம்பிச்சு வெச்சதும் ஊரே இழுக்குது, அரியாங்குப்பம் ரோட்டுல கால் வெக்க எடமில்ல. அவ அம்மாவோட நின்னுட்டிருந்தா. ஸ்பீக்கர்ல எல்.ஆர்.ஈஸ்வரி அம்மா குரல் வந்ததும் இவ உதடு அசைஞ்சுது, ஒடனே பல்ல கடிச்சு மூடிக்கிட்டா. எனக்கு அழுக வந்துடுச்சு.

ஆகஸ்ட் 19, திங்கள்
ரெண்டாவது சரணத்துல போட்ட ஃபில்டர் எல்லாத்தையும் கழட்டிட்டேன். பணம் போட்டவருகிட்ட இன்னும் சொல்லல. நாளைக்கு ஒம்பது மணிக்கு ஸ்பீச் தெரபி, வண்டியில நான்தான் அவளக் கூட்டிட்டுப் போறேன்.