அன்டிவைரஸ் வாங்க முதல் உள்ளே இருப்பதைப் பாருங்கள்

வீட்டுக் கணினிக்கு எந்த அன்டிவைரஸ் நல்லது என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் புதிதாக ஒன்றும் தேவைப்படாது. 2012 இல் வந்த வின்டோஸ் 8 முதல் மைக்ரோசொஃப்டின் சொந்த அன்டிவைரஸான டிஃபென்டர் உள்ளேயே வருகிறது. சாதாரண வீட்டுப் பாவனைக்கு அது போதும். சிக்கல் என்னவென்றால், திருகோணமலையில் பாவனையிலுள்ள பல கணினிகளில் அது வாய் கட்டிய காவல் நாயாகத்தான் கிடக்கிறது. கட்டியவர் யார்? பெரும்பாலும் வின்டோஸ் போட்டுத் தந்தவர்.

கடையில் திருட்டு வின்டோஸ், திருட்டு ஓஃபிஸ் போடும்போது அவற்றை அக்டிவேட் செய்ய ஒரு சின்ன புரோகிராம் ஓட விடுவார்கள். டிஃபென்டர் அதைப் பிடிக்கும். அதனால் முதலில் டிஃபென்டரை நிறுத்துவார்கள், அல்லது 'இந்த ஃபோல்டரைப் பார்க்காதே' என்று விலக்குக் கொடுப்பார்கள். வேலை முடிந்தபின் அதைப் பழையபடி ஆக்க ஒருவரும் மினக்கெடுவதில்லை. அக்டிவேட்டருக்குள்ளேயே வைரஸ் இருந்தால் அதுவும் அந்த விலக்குக்குள் சௌகரியமாகக் குடியிருக்கும்.

சரிபார்க்கச் சில நிமிடம் போதும். ஸ்டார்ட்டை அழுத்தி 'வின்டோஸ் செக்கியூரிட்டி' என்று தேடித் திறவுங்கள். 'வைரஸ் அன்ட் த்ரெட் புரொடெக்சன்', அதற்குள் 'மனேஜ் செட்டிங்ஸ்'. ரியல்-டைம் புரொடெக்சன், டாம்பர் புரொடெக்சன் இரண்டும் இயங்க வேண்டும். அதோடு நிற்காமல் அதே பக்கத்தின் அடிவரை இறங்குங்கள். அங்கே 'எக்ஸ்குளூசன்ஸ்' என்றொரு பகுதி உண்டு. அதில் முழு சி டிரைவோ, டெம்ப் ஃபோல்டரோ, நீங்கள் அறியாத வேறு பெயரோ இருந்தால் அகற்றுங்கள். நீங்களாகச் சேர்க்கவில்லையென்றால் அந்தப் பட்டியல் வெறுமையாக இருப்பதுதான் முறை. சுவிட்சுகள் மங்கிப்போய், 'உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் கட்டுப்படுத்துகிறார்' என்று வந்தால், வீட்டுக் கணினியில் அது கெட்ட அறிகுறி. யாரோ பொலிசி மட்டத்தில் பூட்டியிருக்கிறார்கள். அதைத் தோண்டித் திருத்துவதைவிட வின்டோஸைப் புதிதாகப் போடுவதே சுருக்கமான வழி.

பிறகு 'அப் அன்ட் பிரவுசர் கொன்ட்ரோல்' பக்கத்தில் 'ரெப்பியுடேசன்-பேஸ்ட் புரொடெக்சன்' செட்டிங்ஸுக்குள் போய், 'பொட்டென்சியலி அன்வோன்டட் அப் புளொக்கிங்' என்பதைத் திறந்துவிடுங்கள். விளம்பரக் குப்பைகளும் தேவையில்லாத டூல்பார்களும் வைரஸ் என்ற வகைக்குள் வராமல் நழுவிவிடும். இது அவற்றுக்கான வலை.

இரண்டாவது அன்டிவைரஸ் ஒன்றை மேலே ஏற்றாதீர்கள். வெளியிலிருந்து ஒன்றைப் போட்டால் டிஃபென்டர் வழமையாகத் தானே ஒதுங்கிவிடும். ஒன்றுக்கு மேல் போட்டு, இரண்டு ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் பிடித்துச் சோதித்தால் 4 ஜிபி ரம் உள்ள மடிக்கணினி மூச்சுத் திணறும். காலம் முடிந்த டிரையல் ஏதாவது கிடந்தால் முழுதாக அன்இன்ஸ்டோல் செய்துவிட்டு, டிஃபென்டர் திரும்ப வேலைக்கு வந்ததா என்று பாருங்கள்.

புதிதாக வின்டோஸ் போடுவதென்றால், காசு கொடுக்க முதல் ஒன்றைக் கவனியுங்கள். வின்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு வின்டோஸோடு விற்பனைக்கு வந்த மடிக்கணினிகளில் அநேகமானவற்றின் மதர்போர்டிலேயே லைசன்ஸ் கீ எழுதப்பட்டிருக்கும். செகண்ட் ஹேண்டாக வாங்கியதிலும் அது அப்படியே இருக்கும். கடையில் அந்த மெசினுக்குத் திருட்டு 'புரோ' போட்டிருப்பார்கள், உள்ளே கிடப்பதோ பெரும்பாலும் 'ஹோம்' கீ. அதனால்தான் அது பொருந்துவதில்லை. மைக்ரோசொஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து மீடியா கிரியேசன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, 'ஹோம்' பதிப்பைப் போட்டால் வின்டோஸ் 10 அல்லது 11 ஓடு வந்த மெசின் இன்டர்நெட்டில் இணைந்ததும் தானாக அக்டிவேட் ஆகிவிடும். வின்டோஸ் 8 கீ மட்டும் இப்போது இவற்றுக்குச் செல்லாமல் போகலாம். படங்களையும் ஃபைல்களையும் முதலில் வெளியே எடுத்து வையுங்கள்.

அடுத்தது பென் டிரைவ். கச்சேரியடியிலும் (மாவட்டச் செயலகம்) பஸ் நிலையத்தைச் சுற்றியும் உள்ள போட்டோகொப்பிக் கடைகளில் நாள் முழுக்கப் பலருடைய பென் ஒரே கணினியில் ஏறி இறங்குகிறது. டியூசன் பேப்பர், அடையாள அட்டைக் கொப்பி, கிராம சேவகருக்கான படிவம் எல்லாம் அதில்தான். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருடைய தொழில் அப்படி. அங்கே பரவுவது பெரும்பாலும் ஷோர்ட்கட் வைரஸ். உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷோர்ட்கட் செய்து வைக்கும். அதை அழுத்தினால் உங்கள் ஃபோல்டர் வழமைபோல் திறக்கும், கூடவே பின்னால் ஒரு ஸ்கிரிப்டும் (கட்டளைகள் அடங்கிய சின்ன ஃபைல்) ஓடும். திறந்துவிட்டதால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. ஐகனின் இடதுபக்க மூலையில் சின்ன அம்புக்குறி, ஓரிரு கேபி அளவு, வகை என்ற இடத்தில் 'ஷோர்ட்கட்' ஆகியவைதான் அடையாளம். செருகியவுடன் தானாக ஓடும் காலம் போய்விட்டது. யூஎஸ்பிக்கான ஓட்டோரன்னை மைக்ரோசொஃப்ட் வின்டோஸ் 7 இலேயே நிறுத்திவிட்டது. இப்போது உங்கள் விரல்தான் அதை ஓட்டுகிறது.

மறைந்த ஃபைல்கள் அழியவில்லை. 'ஹிடன்' என்பதோடு 'சிஸ்டம்' என்ற குறியும் விழுந்திருப்பதால் புரொப்பர்ட்டீஸில் அந்தக் கட்டத்தை எடுக்க முடியாது. கொமாண்ட் புரொம்ப்டில் பென்னின் டிரைவ் எழுத்துக்கு மாறி, அட்ரிப் கட்டளைக்குப் பின்னால் எச், ஆர், எஸ் மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றுக்கும் முன் கழித்தல் குறியோடு போட்டு, எல்லா ஃபைலுக்குமான நட்சத்திரக் குறியையும், கடைசியில் சாய்கோட்டோடு எஸ், டி இரண்டையும் தனித்தனியே சேர்த்தால் (attrib -h -r -s * /s /d) எல்லாம் வெளியே வரும். சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கும், பயப்பட வேண்டாம், பெயர் மாற்றினால் சரி. ஷோர்ட்கட்களையும், நீங்கள் வைக்காத ஸ்கிரிப்ட் ஃபைல்களையும் அழியுங்கள். ஆனால் வரிசை முக்கியம்: கணினியைச் சுத்தம் செய்த பிறகே பென்னைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் அழிக்க அழிக்க முளைக்கும். டாஸ்க் மனேஜரில் ஸ்கிரிப்டுகளை ஓட்டும் 'டபிள்யூ-ஸ்கிரிப்ட்' (wscript) ஓடுகிறதா, ஸ்டார்ட்டப் பட்டியலில் அறியாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டிஃபென்டரின் ஸ்கான் ஒப்சன்ஸில் ஓஃப்லைன் ஸ்கான் என்று ஒன்று உண்டு. கணினி ரீஸ்டார்ட் ஆகி, வின்டோஸ் எழும்ப முதலே ஏறக்குறைய 15 நிமிடம் சோதிக்கும். கரண்ட் நம்பிக்கை இல்லாத நாளில் சார்ஜரும் பற்றரியும் சரியாக இருக்கட்டும். இன்னொன்று, ஃபுல் ஸ்கான் கொடுத்தாலும் டிஃபென்டர் வழமையாகப் பென்னைச் சேர்த்துச் சோதிக்காது. பென்னின் மேல் ரைட் கிளிக் செய்து தனியாகக் கொடுக்க வேண்டும்.

அச்சடிக்கப் போகும்போது பென்னுக்குப் பதிலாக எஸ்டி கார்டும் ரீடரும் கொண்டு போவது என் கணக்கில் மிகச் சிறந்த வழி. கார்டின் பக்கத்தில் சின்ன லொக் இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் பெரும்பாலான ரீடர்களில் எழுத முடியாது, வாசிக்க மட்டும் முடியும். அச்சுக்கு வாசித்தால் போதும்தானே.

திரையின் மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று ஓயாமல் வருகிறதா? அது அநேகமாக வைரஸே இல்லை. படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ போன ஏதோ தளம் 'அலவ்' கேட்டது, வீட்டில் யாரோ அழுத்திவிட்டார்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேசன்ஸ் என்று போய் அனுமதி பெற்ற தளங்களை அகற்றினால் முடிந்தது. அப்படியே எக்ஸ்டென்சன் பட்டியலையும் பாருங்கள். தேடல் பக்கம் தானாக வேறெங்கோ போகிறதென்றால் காரணம் அங்கேதான் இருக்கும்.

தமிழ் டைப் செய்பவர்கள் சிக்கும் இடம் எழுத்துரு. பாமினி தேடிப் போனால் பக்கம் முழுக்கப் பச்சை டவுன்லோட் பட்டன்கள். எழுத்துரு ஃபைல் பெரும்பாலும் டிடிஎஃப் என்றுதான் முடியும். இஎக்ஸ்இ என்று வந்து இறங்கினால் திறக்காமல் அழியுங்கள். முடிவெழுத்து தெரிய, ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்சன்ஸைக் காட்டச் செய்ய வேண்டும். யூனிகோட்டில் அடிப்பதற்கு வெளியே எதையும் இறக்கத் தேவையில்லை. வின்டோஸ் 10, 11 இல் தமிழ் மொழியைச் சேர்த்தாலே தமிழ் 99 உம் ஒலிப்பு முறையும் கிடைக்கும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. புக்கிங் டொட் கொம் பெயரில் போலி ஈமெயில் அனுப்பி விடுதிகளைக் குறிவைக்கும் ஒரு மோசடியை 2025 மார்ச்சில் மைக்ரோசொஃப்ட் வெளிப்படுத்தியது. தெற்காசிய விடுதிகளும் அதன் இலக்கில் இருந்தன. லிங்கை அழுத்தினால் 'நீங்கள் மனிதர்தானா' என்று கேட்கும் பக்கம் வரும். வின்டோஸ் கீயையும் ஆர்-ஐயும் சேர்த்து அழுத்து, கொன்ட்ரோல் வீ கொடு, என்டர் தட்டு என்று சொல்லும். பக்கம் ஏற்கனவே உங்கள் கிளிப்போர்டில் ஒரு கட்டளையை வைத்துவிட்டது, நீங்கள் அதை உங்கள் கையாலேயே ஓட விடுகிறீர்கள். வின்டோஸ் கீயும் ஆரும் சேர்ந்து திறப்பது கட்டளைகளை ஓட்டும் ரன் பெட்டி, உண்மையான எந்தச் சரிபார்ப்பும் அதைத் திறக்கச் சொல்லாது. சீசன் நேரத்தில் அவசரத்தில் பதில் எழுதுபவருக்கும், வரவேற்பில் இருக்கும் பிள்ளைக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இப்படி உள்ளே வருவது லூமா போன்ற தகவல் திருடிகள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டை மட்டுமல்ல, நீங்கள் உள்ளே நுழைந்திருப்பதற்கு அடையாளமான லொகின் குக்கியையும் எடுத்துப் போகும். குக்கி கையில் இருந்தால் அவர்களுக்கு ஓடிபி தேவைப்படாது. சந்தேகம் வந்தால் முதலில் அந்தக் கணினியின் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். பிறகு சுத்தமான ஒரு போனிலிருந்து ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் சைன் அவுட் கொடுங்கள். மற்றவற்றின் மீட்பு ஜிமெயிலுக்குத்தான் வரும் என்பதால் அது முதலாவது. பின்னர் வங்கி, பேஸ்புக், விடுதிக் கணக்கு. பாதிக்கப்பட்ட கணினியிலேயே மாற்றினால் புதியதும் அவர்களிடம் போய்ச் சேரும்.

படங்களுக்கும் காணி உறுதி ஸ்கான்களுக்கும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி வேண்டும். கொப்பி ஆனதும் கழற்றி அலுமாரியில் வையுங்கள், செருகியபடியே இருந்தால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரான்சம்வெயர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

டேட்டா முடிந்துவிடும் என்று அப்டேட்டை நிறுத்தி வைப்பவர்கள், இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் கிழமைக்கு ஓரிரவு மெசினை ஓட விட்டால் போதும். வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. நீடிப்புத் திட்டத்தில் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் அதன் பின்னும் பாதுகாப்பு அப்டேட் வரும். இன்டெல் என்றால் 8 ஆம் தலைமுறைக்கு முந்திய புரொசெசர்களை, ஓரிரண்டு தவிர, வின்டோஸ் 11 முறையாக ஏற்காது. அந்த மெசின்களுக்கு, வின்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் நல்ல தெரிவு, 4 ஜிபி ரம்மில் நன்றாக ஓடும், பாமினியையும் அதில் போடலாம். வேர்டில் செய்த படிவங்கள் அதில் வரும் லிப்ரே ஓஃபிஸில் சில இடங்களில் வரி நகர்ந்து நிற்கும், திருத்தி, பிடிஎஃப் ஆக்கியே கடைக்குக் கொடுங்கள்.