பல்மைரா கேள்வியைச் செனோபியாவிலிருந்து தொடங்காதீர்கள்

எம்.ஏ. வரலாறு படித்தபோது பண்டைய மேற்காசியத் தாளில் எனக்கு முதல் தடவை அரியர் விழுந்தது. "ரோமானிய ஆட்சி பல்மைராவை எவ்வாறு மாற்றியது?" என்று 15 மார்க் கேள்வி. பல்மைரா சிரியப் பாலைவனத்தில் இருந்த ஒரு பழைய வணிக நகரம். எனக்குத்தான் அந்த ஊர் ராணி செனோபியா கதை தலைகீழாகத் தெரியுமே! கி.பி. 270இல் அவள் படை எகிப்தைப் பிடித்தது, 272இல் ரோமப் பேரரசர் அவுரேலியனிடம் தோற்றது என்று நாலு பக்கம் எழுதினேன். எழுதியதில் தப்பில்லை, ஆனால் அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அவள் வருவதற்கு முன்பே சுமார் இருநூறு வருஷம் அந்த ஊர் ரோமுக்குக் கீழே இருந்திருக்கிறது. அந்த இருநூறு வருஷத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் தடவை ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டேன். கி.பி. 137இல் வைத்த சுங்கக் கல்வெட்டு அது. கிரேக்கம், பல்மைரா அரமேயம் (அந்த ஊர்க்காரர்களின் மொழி) என இரண்டு மொழியிலும் வெட்டியது. இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டணப் பட்டியலுக்கு ஓடிவிடாமல் முதலில் முன்னுரையைப் படியுங்கள். பல சரக்குகளுக்குப் பழைய சட்டத்தில் வரி குறிக்கப்படவில்லை. வழக்கத்தை வைத்தே வசூலித்தார்கள். அதனால் வியாபாரிகளுக்கும் வசூல்காரர்களுக்கும் ஓயாத தகராறு. இனி எல்லாவற்றையும் எழுதிக் கோயிலுக்கு எதிரே வையுங்கள் என்கிறது ஊர்ச்சபை. வாய்வழக்காக இருந்தது எழுத்தாகிறது. விடையின் முதுகெலும்பு இதுதான்.

அப்புறம் பட்டியல். ஒட்டகச் சுமை வாசனைத் தைலம் அலபாஸ்டர் என்ற வெண்கல் சாடியில் வந்தால் 25 டெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு), ஆட்டுத்தோல் பையில் வந்தால் 13. வெளியிலிருந்து கொண்டுவரும் அடிமைக்கு, தலைக்கு 22. விலைமாதர் வாங்கும் காசுக்கும் வரி உண்டு. இதில் இரண்டு எண் எழுதினாலே போதும்.

இங்கே நிறையப் பேர் வழுக்கி விழுவார்கள், நானும் விழுந்தேன். இது ரோமின் வரி இல்லை, நகரம் தனக்காக வசூலித்தது. கிழக்கு எல்லையில் பேரரசு வாங்கிய நாலில் ஒரு பங்கு சுங்கம் வேறு. இரண்டையும் பிரித்து ஒரு வரி எழுதினால், நீங்கள் பாடத்தைப் புரிந்துகொண்டு எழுதுகிறீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

பேரரசர் ஹாட்ரியன் 129 வாக்கில் வந்துபோனது, ஊர் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது, பேரரசர் காரகல்லா காலத்தில் 'கொலோனியா', அதாவது ரோமக் குடியேற்ற நகரம் என்ற அந்தஸ்து கிடைத்தது: இவற்றுக்கு ஒரு பத்தி போதும்.

மாறாததற்கு இன்னொரு பத்தி கட்டாயம் வேண்டும். ஊர்ச்சபைக்குக் கிரேக்கப் பெயர் வந்தது, தூண்களில் வணிகக் கூட்டத் தலைவர்களுக்குச் சிலை ஏறியது. ஆனால் பொதுக் கல்வெட்டிலிருந்து அரமேயம் மறையவில்லை. எனக்குப் பிடித்த உதாரணம் பிரிட்டனில் சவுத் ஷீல்ட்ஸில் கிடைத்த ஒரு கல்லறைக் கல். பரதேஸ் என்ற பல்மைராக்காரர், தான் அடிமைநிலையிலிருந்து விடுவித்து மணந்த மனைவி ரெஜினாவுக்கு வைத்தது. மேலே லத்தீன், கடைசி வரியில் மட்டும் அவர் ஊர் எழுத்தில், "பரதேஸ் விடுவித்த ரெஜினா, ஐயோ" என்று இருக்கிறது.

செனோபியாவைக் கடைசிப் பத்திக்குத் தள்ளுங்கள். 273இல் மறுபடி கிளர்ந்த ஊரை அவுரேலியன் சூறையாடியது, பின்னால் வந்த பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தில் அங்கே படைமுகாம் வந்தது என்று முடித்தால், வணிகர் ஊர் சிப்பாய் ஊரான கதை தானே வந்துவிடும். கையில் ஐந்து நிமிஷம் மிச்சம் இருந்தால் ஒரு வரைபடம் போடுங்கள்: இடப்பக்கம் மத்தியதரைக் கடல், வலப்பக்கம் யூப்ரடீஸ், நடுவே ஒரு புள்ளி.